கிண்ண ஆட்டத்துக்கு இரண்டாம் அணியா? டிக்கெட் வாங்கியவன் ஏமாளியா?

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 9.12

நேற்று ஆன்ஃபீல்ட்தம்பி எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படிக்காதவர்களுக்காக அவருடைய வரிகளை அப்படியே வைக்கிறேன்: "கிண்ண ஆட்டத்தில் முதல் அணியை இறக்குவது விவரமில்லாத பயிற்றுநர் செய்யும் வேலை. அரங்கத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு இது புரியாது."

எங்களுக்குப் புரியாதாம். ஈப்போ பேராக் அரங்கத்தில் மழை நனைத்த சிமெண்டுப் படியில் நாளிதழை விரித்து உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் கந்தான், செம்மோர் வழியாக மோட்டார் சைக்கிளில் நடுங்கிக்கொண்டே சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தவர்களுக்குப் புரியாது. மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் புரியும். நல்லது.

2025 பிப்ரவரி 9 நினைவிருக்கிறதா? இங்கிலாந்துக் காற்பந்தின் எஃப்ஏ கிண்ணம், தோற்றால் வெளியேற்றும் போட்டி, பிளிமத் திடல். லிவர்பூல் லீக்கில் முதலிடம். பிளிமத் அதற்குக் கீழுள்ள பிரிவில் கடைசி இடம். மூன்று நாளுக்கு முன்னால் டோட்டன்ஹாமை 4-0 என்று நொறுக்கிய அணியிலிருந்து லிவர்பூல் பயிற்றுநர் ஸ்லாட் பத்துப் பேரை மாற்றினார். பத்துப் பேர்! நட்சத்திர ஆட்டக்காரர்கள் சாலாவும் வான் டைக்கும் அந்த ஊருக்கே வரவில்லை. பிளிமத்தின் ஹார்டி ஒரு பெனால்டி அடித்தார், 1-0, கதை முடிந்தது. லிவர்பூலிலிருந்து பிளிமத்துக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து மூவாருக்குப் போகிற தூரம். அவ்வளவு தூரம் போன ரசிகன் யாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்? பதில் சொல்லுங்கள்.

ஆன்ஃபீல்ட்தம்பி | வெள்ளி, இரவு 9.31

சொல்கிறேன் அண்ணா. அவன் லூயிஸ் டியாஸைப் பார்த்தான். கியேசாவைப் பார்த்தான். எல்லியட்டைப் பார்த்தான். ஜோத்தாவைப் பார்த்தான். இவர்கள் இரண்டாம் அணி என்றால் உலகத்தில் முதல் அணி எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். ஏப்ரல் 27ஆம் தேதி அதே டோட்டன்ஹாமை 5-1 என்று அடித்து, நான்கு ஆட்டம் மீதியிருக்கும்போதே லீக்கை வென்றோம். இருபதாவது லீக் பட்டம். பிளிமத்தில் சாலாவை ஓடவைத்துத் தொடைத் தசை கிழிந்திருந்தால் அந்தப் பட்டம் வந்திருக்குமா? அன்று பதினோராவது நிமிடத்திலேயே ஜோ கோமஸ் தசைப்பிடிப்போடு வெளியேறினார். அது சாலாவாக இருந்திருந்தால் நீங்களே முதலில் வந்து பயிற்றுநரைத் திட்டியிருப்பீர்கள்.

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 9.40

பத்துப் பேரை மாற்றினாரா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஆன்ஃபீல்ட்தம்பி | வெள்ளி, இரவு 9.44

மாற்றினார். அதனால் என்ன? அதைத்தானே சரி என்கிறேன்.

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 9.58

அதனால் என்ன என்று கேட்கிறாரே, இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். பத்துப் பேரை மாற்றிவிட்டு "அதனால் என்ன". கிண்ணம் போனால் என்ன, ரசிகன் போனால் என்ன, டிக்கெட் காசு போனால் என்ன.

மிச்சப்படுத்திய கால்கள் எங்கே போயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 11 அன்று பாரிஸ் அணியிடம் சொந்தத் திடலில் பெனால்டியில் தோற்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றம். ஐந்து நாள் கழித்து வெம்பிளியில் நியூகாசல் 2-1 என்று லீக் கிண்ணத்தை, அதாவது இங்கிலாந்தின் இன்னொரு கிண்ணப் போட்டியை, தூக்கிக்கொண்டு போனது. எழுபது ஆண்டு கழித்து அந்த ஊருக்கு ஓர் உள்நாட்டுக் கிண்ணம். அந்த இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்காக ஒரே கோலைப் போட்டவர் யார்? கியேசா. பிளிமத்தில் இறங்கிய அதே கியேசா. ஓய்வெடுத்த சாலா அன்று எங்கே இருந்தார்?

கிராணிமகன் | வெள்ளி, இரவு 10.05

இருவருக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா? களைப்பான ஆட்டக்காரருக்கு ஓய்வு கொடுப்பது ஒன்று. காயம்பட்டவருக்குப் பதில் ஆள் இறக்குவது வேறு. இளையோரை வேண்டுமென்றே இறக்கிப் பழக்குவது இன்னொன்று. போட்டியே வேண்டாம் என்று கைகழுவுவது முற்றிலும் வேறு. நான்கையும் ஒரே பையில் போட்டால் இரவு முழுவதும் பேசினாலும் தீராது.

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 10.07

கிராணி வீட்டுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் பதிவேட்டில் பிரித்து எழுத வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர்தான். எந்தப் பையில் போட்டாலும் பத்து.

திடல்காரன் | வெள்ளி, இரவு 10.15

வணக்கம். மஞ்சள்சட்டை அண்ணன் ஆள் மாற்றுவதைப் பற்றி இவ்வளவு கோபமாக எழுதுவதைப் படிக்க எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது. எழுதுங்கள் அண்ணா. எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ஆன்ஃபீல்ட்தம்பி | வெள்ளி, இரவு 10.22

அண்ணா, மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரியை மறந்துவிட்டீர்களா? 2024 செப்டம்பரில், ஆட்டங்கள் இப்படிக் கூடிக்கொண்டே போனால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரும் என்றார். அதே மாதம், சில நாட்களிலேயே ஆர்சனலுக்கு எதிராக முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார். அதன் பிறகு மான்செஸ்டர் சிட்டி அந்தப் பருவத்தில் எப்படித் தள்ளாடியது என்று எல்லாரும் பார்த்தோம். சாம்பியன்ஸ் லீக்கை 36 அணிகளாக்கி, முதல் கட்டத்திலேயே ஆளுக்கு எட்டு ஆட்டம் என்று வைத்துவிட்டார்கள். கோடையில் 32 அணிகளோடு உலகக் கழகக் கிண்ணம். மனித உடம்பு தாங்குமா? ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்று விதியே மாறியது எதற்காக?

இன்னொன்று. 2024 பிப்ரவரி 25, வெம்பிளி, லீக் கிண்ண இறுதியாட்டம். செல்சீ கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய அணி. எங்கள் பக்கம் கூடுதல் நேரத்தில் டான்ஸ், மெக்கோனல், கிளார்க் என்று மீசை அரும்பாத பையன்கள். 118ஆவது நிமிடத்தில் வான் டைக் தலையால் முட்டினார், 1-0. முந்தைய சுற்றுகளில் இளையோரை இறக்கிப் பழக்காமல் இருந்திருந்தால் அன்று அந்தப் பையன்கள் கால் நடுங்கி நின்றிருப்பார்கள்.

கிராணிமகன் | வெள்ளி, இரவு 10.26

அது காயம் காரணமாக நேர்ந்தது, திட்டமிட்ட மாற்றம் அல்ல. இதைத்தான் நான் முதலிலேயே

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 10.27

அப்படிப் போடுங்கள். காயம். வேறு வழியில்லாமல் இறக்கினார்கள், வென்றார்கள். ஆட்டத்துக்கு மரியாதை கொடுத்து, தெம்புள்ளவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். வான் டைக் அன்று வீட்டில் இருந்தாரா? இறங்கி 118 நிமிடம் ஓடி, தலையால் முட்டினார். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள் தம்பி, நன்றி.

பிளிமத்தில் அப்படி என்ன காயம்? பத்துப் பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சலா?

படிக்கட்டு_அக்கா | வெள்ளி, இரவு 10.41

ஆண்கள் பிளிமத்திலேயே நிற்கிறீர்கள். அரங்கத்துக்குப் போவதைப் பற்றித்தானே பேச்சு தொடங்கியது? நானும் போனவள்தான். 2018 அக்டோபரில் ஷா ஆலம் இறுதியாட்டத்தில் நான் படியில் இருந்தேன். பேராக் 3, திரங்கானு 3, பெனால்டியில் 4-1. 2000க்குப் பிறகு பதினெட்டு ஆண்டு காத்திருந்து மலேசியக் கிண்ணத்தைப் பார்த்தோம். பக்கத்திலிருந்த மலாய்க்கார மூதாட்டி ஒருவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பெனால்டி முடியும் வரை விடவில்லை. நகம் பதிந்த தடம் மறுநாள் காலையிலும் இருந்தது. தொலைக்காட்சி அதைக் கொடுக்குமா?

ஆனால் அரங்கம் காலியாக இருப்பதற்குக் காரணம் ஆட்டக்காரர் மாற்றம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டம் இரவு 9 மணிக்குத் தொடங்குகிறது. முடியும்போது 11. அந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு எந்தப் பஸ் இருக்கிறது? சொந்த வண்டி இல்லாத பெண் எப்படித் திரும்புவாள்? கழிப்பறைக்குப் போனால் தண்ணீர் வராது. இதைச் சரிசெய்யாமல், முழுபலத்தோடு அணி இறங்கினால் மட்டும் மக்கள் வந்துவிடுவார்களா?

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 10.55

அக்கா, நீங்கள் ஷா ஆலமுக்கு எப்படி வந்தீர்கள்? நான் ஏற்பாடு செய்த வேனில். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

படிக்கட்டு_அக்கா | வெள்ளி, இரவு 10.58

வேனுக்கு என் பங்கைக் கொடுத்துத்தான் வந்தேன். இலவசமாக ஏறிக்கொண்டது போல எழுதுகிறீர்களே. அன்று பங்கு கொடுக்காமல் வந்த உங்கள் மைத்துனரைப் பற்றி நான் எழுதட்டுமா?

திடல்காரன் | வெள்ளி, இரவு 11.02

எழுதுங்கள் அக்கா. அந்த மைத்துனரைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன்.

இங்கே புதியவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எழுவர் காற்பந்துப் போட்டி. வென்ற அணிக்குக் கிண்ணத்தோடு ஒரு கிடாவும் உண்டு. எல்லாச் சுற்றிலும் கோல்காவலர் நான். காலிறுதியில் பெனால்டியைத் தட்டிவிட்டேன். அரையிறுதியில் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதியாட்டத்தன்று காலையில் அணித்தலைவர், அதாவது இங்கே பத்துப் பேர் பத்துப் பேர் என்று கொதிக்கும் இதே மஞ்சள்சட்டை அண்ணன், என்னை உட்காரவைத்துவிட்டு ஈப்போவிலிருந்து வந்த மைத்துனரின் கையில் என் கையுறையைக் கொடுத்தார். மழை பெய்து, கோலுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி போன தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த இடத்தில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும், முட்டி போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வாரம் தவறாமல் நின்றவனுக்கு அது தெரியும். மைத்துனர் நின்றபடியே குனிந்தார். பந்து இரண்டு காலுக்கும் நடுவில் போனது. கிடா பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது.

அண்ணா, பத்துப் பேரை மாற்றியது குற்றம். ஒருவனை மாற்றியது என்ன?

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 11.20

இது இந்தப் பேச்சுக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அன்று உங்கள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். என் மைத்துனர் பள்ளிக்காலத்தில் மாவட்ட அணிக்கு நின்றவர். ஸ்லாட் செய்தது நல்ல ஆளை வீட்டில் வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கியது. நான் செய்தது இருப்பதிலேயே நல்ல ஆளை இறக்கியது. இரண்டும் நேர் எதிர். நான் எப்போதும் முழுபலத்தோடுதான் இறங்குவேன், அன்றும் அப்படித்தான் இறங்கினேன்.

திடல்காரன் | வெள்ளி, இரவு 11.26

மணிக்கட்டு வீங்கவில்லை. நீங்கள் பார்த்தது மண்ணெண்ணெய் விளக்கொளியிலா?

2022 லீக் கிண்ண இறுதியாட்டம் பார்த்தீர்களா? லிவர்பூலும் செல்சீயும். லிவர்பூலின் அலிசன் உலகத்தின் சிறந்த கோல்காவலர்களில் ஒருவர். ஆனால் முந்தைய சுற்றுகளில் பெரும்பாலும் நின்றவர் மாற்றுக் கோல்காவலர் கெல்லஹர். அன்றைய லிவர்பூல் பயிற்றுநர் க்ளோப் என்ன செய்தார்? கிண்ணத்துக்கு நின்றவனையே இறுதியாட்டத்துக்கும் நிறுத்தினார். பெனால்டி 11-10 வரை போனது. பதினோராவது பெனால்டியை அடித்தவரே கெல்லஹர். செல்சீ பக்கம் பெனால்டிக்காகவே கடைசி நிமிடத்தில் மெண்டியை எடுத்துவிட்டு கேப்பாவை இறக்கினார்கள். கேப்பா எங்கே அடித்தார்? கம்பத்துக்கு மேலே.

உங்கள் மைத்துனர்தான் அந்தக் கேப்பா.

ஆன்ஃபீல்ட்தம்பி | வெள்ளி, இரவு 11.29

அருமை அண்ணா! ஆள் மாற்றியதால் வந்த கிண்ணம் அது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

திடல்காரன் | வெள்ளி, இரவு 11.33

தம்பி, நான் உங்கள் கட்சி இல்லை. நின்றவனை நிற்கவிட வேண்டும் என்பதுதான் என் பேச்சு. பிளிமத்தில் ஸ்லாட் செய்ததும் தவறு, எங்கள் திடலில் இவர் செய்ததும் தவறு.

மஞ்சள்சட்டை | வெள்ளி, இரவு 11.35

பிளிமத்தில் தவறு என்று திடல்காரரே எழுதிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராணிமகன் | சனி, காலை 7.48

இரவு முழுவதும் ஓடியிருக்கிறது போலிருக்கிறது. இரண்டு தகவல் மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். 2009 டிசம்பரில் உல்வ்ஸ் அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டுக்கு முந்தைய ஆட்டத்திலிருந்து பத்துப் பேரை மாற்றிக்கொண்டு போய் 3-0 என்று தோற்றது. கூடவே போன அவர்களுடைய ரசிகர்களே படியிலிருந்து கூச்சலிட்டார்கள். 25,000 பவுண்டு அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட அபராதம். 2010 நவம்பரில் பிளாக்பூல் அணி ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகப் பத்துப் பேரை மாற்றி 3-2 என்று தோற்றது. அதற்கும் 25,000 பவுண்டு. இரண்டும் லீக் ஆட்டங்கள். ஆக, லீக்கில் பத்துப் பேரை மாற்றினால் அபராதம். பிளிமத்தில் பத்துப் பேரை மாற்றியதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. கிண்ணத்தை நடத்துகிறவர்களே அதை மதிக்கவில்லையோ என்பதுதான் என் கேள்வி. 1999-2000 பருவத்தில் நடப்பு வெற்றியாளரான மான்செஸ்டர் யுனைடெட், பிரேசிலில் நடந்த உலகக் கழகப் போட்டிக்குப் போவதற்காக எஃப்ஏ கிண்ணத்திலிருந்தே விலகியது. அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மஞ்சள்சட்டை | சனி, காலை 8.03

உல்வ்ஸ் பத்து. பிளாக்பூல் பத்து. பிளிமத்தில் பத்து. கிராணிமகன், நேற்று உங்களைப் பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

தம்பி, உங்கள் க்ளோப்பைப் பற்றியும் கேளுங்கள். 2020 பிப்ரவரி 4, ஷ்ரூஸ்பரியோடு மறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்து 2-2 ஆக விட்டது யார்? மறு ஆட்டத்துக்குப் பயிற்றுநர் அரங்கத்துக்கே வரவில்லை. குளிர்கால விடுமுறையாம். முதல் அணியில் ஒருவரும் இல்லை. இளையோர் பயிற்றுநர் கிரிட்ச்லி வந்து நின்றார். ஆனால் ரசிகர்கள் வந்தார்கள் தம்பி, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் அரங்கம் நிறைந்திருந்தது! சம்பளம் வாங்குகிறவர் வரவில்லை, காசு கொடுத்தவன் வந்தான். இதை உரக்கச் சொன்னால் கத்துகிறோம் என்கிறீர்கள்.

ஆன்ஃபீல்ட்தம்பி | சனி, காலை 9.15

அந்த ஆட்டம் இங்கே விடியற்காலை 3.45க்கு. நான் விழித்திருந்து பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா அண்ணா?

1-0 என்று வென்றோம். கர்டிஸ் ஜோன்ஸ் பத்தொன்பது வயதில் அணித்தலைவர், லிவர்பூல் வரலாற்றிலேயே இளையவர். அந்தப் பையன் பிறகு முதல் அணிக்கே வந்துவிட்டான். நெக்கோ வில்லியம்ஸ், எல்லியட் எல்லாரும் அன்று ஓடியவர்கள். டிக்கெட் விலையைக் குறைத்ததால், வழக்கமாக டிக்கெட் கிடைக்காத எத்தனையோ சிறுவர்கள் அன்று முதல் முறையாகப் படியில் உட்கார்ந்தார்கள். நீங்கள் போற்றுகிற அரங்கத்துக்குப் புதிய ரசிகனைக் கொண்டுவந்ததே அந்த இரண்டாம் அணி ஆட்டம்தான். அதே பருவத்தில் முப்பது ஆண்டு கழித்து லீக்கையும் வென்றோம்.

மஞ்சள்சட்டை | சனி, காலை 9.21

அந்த ஒரு கோலை யார் போட்டது? ஷ்ரூஸ்பரியின் தடுப்பாட்டக்காரர் தன் கோலுக்குள்ளேயே முட்டிவிட்டார். வென்றீர்களா, வெல்லவைக்கப்பட்டீர்களா? அடுத்த சுற்றில் செல்சீ 2-0.

ஆன்ஃபீல்ட்தம்பி | சனி, காலை 9.24

கோல் கோல்தான் அண்ணா. பத்து பத்துதான் என்று நீங்கள் சொல்வது போல.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நேற்று நான் ஜோத்தாவின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டேன். 2025 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர் ஆடிய ஆட்டத்தை இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று யாரும் இழிவாக எழுத வேண்டாம்.

மஞ்சள்சட்டை | சனி, காலை 9.37

ஜோத்தாவைப் பற்றி நான் ஒரு சொல் தவறாக எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நான் கேட்பது பயிற்றுநரை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு வலிப்பது இங்கேதான். 1998இல் மலேசியக் கிண்ணம், 2000இல் மலேசியக் கிண்ணம், 2018இல் மலேசியக் கிண்ணம். மூன்றிலும் பேராக் பெயர் இருக்கிறது. 2019இல் மலேசிய எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம், புக்கிட் ஜாலில், கெடாவிடம் 1-0 என்று தோற்றோம். தோற்ற அன்றுகூட ஆட்டம் முடிந்த பிறகு படியை விட்டு யாரும் இறங்கவில்லை. இன்று? 2025-26 பருவத்தில் பேராக் மலேசிய சூப்பர் லீக்கில் இல்லை. கெடாவும் இல்லை. போவதற்கு அணியே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆறாயிரம் மைல் தள்ளி ஒருவர் பத்துப் பேரை மாற்றியதை நியாயப்படுத்துகிறீர்கள். ஜொகூர் 2014 முதல் லீக்கை விடாமல் வெல்கிறது. யாரை இறக்கினாலும் வெல்லும் அணிக்கு ஆள் மாற்றம் ஒரு பொருட்டில்லை. பேராக் போன்ற அணிக்குக் கிண்ணம்தான் வாழ்வு. லீக் ஆண்டு முழுவதும் நடப்பது. பணம் உள்ளவன் வெல்வான். கிண்ணம் ஓர் இரவு. அந்த ஓர் இரவுக்காகத்தான் தோட்டத்து ஆள் சம்பளத்தில் பிடித்து வைத்து டிக்கெட் வாங்குகிறான். அந்த இரவில் அரை அணியை இறக்குவது அவனுடைய பைக்குள் கையை விட்டுத் திருடுவதுதான்.

2025இல் இங்கிலாந்து எஃப்ஏ கிண்ணத்தை வென்றது யார்? கிரிஸ்டல் பேலஸ். மான்செஸ்டர் சிட்டியை 1-0. அந்தக் கழகத்தின் முதல் பெரிய கிண்ணம். எசே போட்ட கோலுக்குப் பெரியவர்கள் அழுதார்கள். லிவர்பூல் ரசிகனுக்கு அந்த அழுகை புரியாது, அவனுக்குக் கிண்ணம் அலமாரியில் இடத்தை அடைக்கிற பொருள்.

ஆன்ஃபீல்ட்தம்பி | சனி, காலை 9.50

நியூகாசலிடம் தோற்ற அன்று நான் அழுததை நீங்கள் பார்த்தீர்களா? எனக்குப் புரியாது என்று எழுத உங்களுக்கு என்ன உரிமை?

அப்புறம், பேராக் ஏன் சூப்பர் லீக்கில் இல்லை என்று நீங்கள் என்னைக் கேட்பது போல எழுதுகிறீர்கள். பணமில்லாமல் விலகிய கழகத்துக்கும் ஸ்லாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

படிக்கட்டு_அக்கா | சனி, காலை 10.12

தம்பி அழுதான், அதை நான் பார்த்தேன். கோப்பிக்கடையில் காலைப் பசியாறல் நேரத்தில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அதற்காக அவன் சொல்வது சரி என்று ஆகிவிடாது.

மஞ்சள்சட்டை அண்ணன் தோட்டத்து ஆள், தோட்டத்து ஆள் என்று எழுதுகிறார். நான் ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அரங்கத்தின் உள்ளே, புல்லின் மேல் இருக்கிறார்கள்? ஒரு காலத்தில் சிலாங்கூரிலும் தேசிய அணியிலும் கோலுக்கு நின்ற ஆறுமுகத்தை நாடே ஸ்பைடர்மேன் என்று அழைத்தது. சந்திரன் அணித்தலைவராக இருந்தார். மலேசியா முதல் முறையாக 2010இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஏஎஃப்எஃப் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் இராஜகோபால். வலது பக்கத்தில் ஓடிய குணாளனைப் பார்க்கவே நாங்கள் டிக்கெட் வாங்கியிருக்கிறோம். இப்போது ஒரு பெயர் சொல்வதற்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. கிண்ணத்தின் முதல் சுற்றுகளில் பெரிய அணிகள் இளையோரை இறக்கினால், நம் பையன் ஒருவனுக்காவது அரை மணி நேரம் கிடைக்காதா? அதற்காகவே ஆள் மாற்றத்தை நான் ஆதரிப்பேன்.

மஞ்சள்சட்டை | சனி, காலை 10.20

அக்கா, ஆறுமுகம் இளையோர் என்பதற்காகவா இறங்கினார்? சிறந்தவர் என்பதற்காக இறங்கினார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற அணி அது. அரசாங்கம் புறக்கணித்ததால் போகவில்லை. அந்த அணியில் யாரையாவது முறைவைத்து மாற்றினார்களா?

திடல்காரன் | சனி, காலை 10.31

ஆறுமுகத்தின் பெயரை எடுத்துவிட்டீர்கள். அப்படியானால் சொல்லுங்கள், இறுதியாட்டத்தன்று காலையில் ஆறுமுகத்தை உட்காரவைத்துவிட்டு யாராவது தன் மைத்துனரை நிறுத்தினார்களா?

மஞ்சள்சட்டை | சனி, காலை 10.33

உங்களை ஆறுமுகத்தோடு ஒப்பிடுகிறீர்களா?

திடல்காரன் | சனி, காலை 10.35

உங்கள் மைத்துனரோடு ஒப்பிடுகிறேன். அதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கிராணிமகன் | சனி, காலை 10.40

முழுபலம் என்பதற்கு இன்னும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. கெல்லஹர் பிளிமத்திலும் நின்றார். ஆக, மாற்றப்படாத அந்தப் பதினோராவது ஆள் கோல்காவலர்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வாக்குவாதமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. யாராவது கவனித்தீர்களா?

ஆன்ஃபீல்ட்தம்பி | சனி, காலை 10.44

அப்படியானால் கோல்காவலர் விஷயத்தில் ஸ்லாட் செய்தது திடல்காரர் அண்ணனுக்கே பிடிக்க வேண்டுமே.

திடல்காரன் | சனி, காலை 10.47

கோல்காவலர் விஷயத்தில் சரி. மற்ற பத்தில் தவறு.

மஞ்சள்சட்டை | சனி, காலை 10.48

பத்து. திடல்காரரும் பத்து என்கிறார்.

படிக்கட்டு_அக்கா | சனி, காலை 11.05

நான் கேட்ட பஸ்ஸைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கழிப்பறையைப் பற்றியும் எழுதவில்லை. பத்து மட்டும் நன்றாக ஓடுகிறது. 2019இல் புக்கிட் ஜாலிலுக்குப் போன பஸ்ஸுக்கு மிஞ்சிய பணம் யாரிடம் இருக்கிறது என்பதையாவது எழுதுவீர்களா?

மஞ்சள்சட்டை | சனி, காலை 11.11

அந்தப் பணத்தில்தான் அணிக்குப் பந்தும் வலையும் வாங்கினேன். ரசீது இருக்கிறது. பொதுவில் சந்தேகத்தைக் கிளப்புவதற்கு முன் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம்.

படிக்கட்டு_அக்கா | சனி, காலை 11.14

வீட்டுக்கு வந்தேன். உங்கள் மைத்துனர் கதவைத் திறந்து, நீங்கள் இல்லை என்றார். உள்ளே தொலைக்காட்சியில் கிண்ண ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் குரலும் கேட்டது.

மஞ்சள்சட்டை | சனி, காலை 11.30

அது என் குரல் இல்லை. இத்தோடு அந்தப் பேச்சை நிறுத்துவோம்.

நாளை ஞாயிறு மாலை 5 மணிக்குப் பள்ளித் திடலில் பக்கத்துத் தோட்டத்தோடு நட்புமுறை ஆட்டம். கிடாவை இழந்த கணக்கைத் தீர்க்க வேண்டும். முழுபலத்தோடு இறங்குகிறோம். பெயர்ப்பட்டியலை மாலையில் போடுகிறேன்.

திடல்காரன் | சனி, காலை 11.34

பட்டியலில் கோலுக்கு யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் நான் வருவதா வேண்டாமா என்று சொல்வேன். கையுறை இப்போது என்னிடம் இருக்கிறது. மைத்துனருக்கு வேண்டுமானால் ஈப்போவில் கடை இருக்கிறது.

மஞ்சள்சட்டை | சனி, காலை 11.36

அந்தக் கையுறை அணியின் பணத்தில் வாங்கியது. இன்று மாலைக்குள் கோயில் மண்டபத்தில் கொண்டுவந்து வைக்கவும்.

ஆன்ஃபீல்ட்தம்பி | சனி, காலை 11.41

நாளை நானும் வருகிறேன். ஆட விடுவீர்களா, அல்லது இளையோர் என்று உட்காரவைப்பீர்களா?